மூன்று முறை விட்டும் ‘குறை ஏதும் இல்லை’ என்கிறார்கள்

கேள்வி: பல வருட ஆசைக்குப் பிறகு, டர்போ என்ஜினும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸும் உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. வாங்கி 14 மாதம் ஆகிறது, 9,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓட்டுவது வாரத்தில் ஒரு நாள், சில சமயம் அதுவும் இல்லை. காலையில் முதலில் எடுக்கும்போது ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறுகையில் ஜெர்க் அடிக்கிறது. நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போனபோது இரண்டு முறை ‘கியர்பாக்ஸ் சூடு அதிகம்’ என்று எச்சரிக்கை வந்தது. பல நாள் நிறுத்திவைத்து எடுத்தால் நடுவில் இருக்கும் திரை கறுத்துப்போகிறது, பார்க்கிங் சென்சார் வேலை செய்யவில்லை என்கிறது. கொஞ்ச தூரம் போனால் தானே சரியாகிவிடும். மெதுவாக நிறுத்தும்போது பிரேக் கத்துகிறது. மூன்று முறை டீலரிடம் விட்டேன். ஒருமுறை சாஃப்ட்வேர் அப்டேட் செய்தார்கள். மற்ற இரண்டு முறையும் ‘குறை ஏதும் காணப்படவில்லை’. கடைசி முறை, ஏர் ஃபில்டரை வெளியில் வாங்கி மாற்றியிருக்கிறீர்கள், பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டும் ட்ராக் டேக்கும் போயிருக்கிறீர்கள், இனி வாரண்டி செல்லாது என்று சர்வீஸ் அட்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ‘அப்போதே சொன்னோமே’ என்கிறார்கள். விற்றுவிடவா, வழக்குப் போடவா? அடுத்த மாதம் இன்னொரு ட்ராக் டேக்குப் பணம் கட்டியிருக்கிறேன், போகலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வாரண்டி செல்லாது என்று இதுவரை உங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்று ஒருவர் சொன்னது மறுப்பு ஆகாது. மறுப்பதாக இருந்தால் எந்தப் பாகத்துக்கு, வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதிப்படி, என்ன காரணத்தால் என்று எழுத்தில் வர வேண்டும். அது வரும்வரை உங்கள் கார் வாரண்டியில் இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். விற்பதா, வழக்கா என்று யோசிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

நான் பல ஆண்டுகள் வாரண்டி கிளெய்ம்களைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் வேலையில் இருந்தவன். இப்போது வாங்குபவர்கள் சார்பில் வண்டிகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுகிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வண்டியில் குறை இருந்தும் கிளெய்ம் தோற்கிறது என்றால், பெரும்பாலும் அந்தக் குறை, வண்டியை விடும்போது பட்டறையில் எழுதும் ஜாப் கார்டில் ஏறவில்லை என்று பொருள். உங்கள் மூன்று ஜாப் கார்டுகளையும் எடுத்துப் பாருங்கள். ‘வாடிக்கையாளர் புகார்’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? ‘பொதுப் பரிசோதனை’ என்றோ ‘கியர்பாக்ஸ் செக்’ என்றோ இருந்தால், இந்தக் குறைக்காக நீங்கள் மூன்று முறை போனதாக ஆவணப்படி எந்தச் சான்றும் இல்லை.

முதலில் உங்கள் புகார்களைப் பிரித்துக்கொள்வோம். நான்கு விஷயங்களைச் சொல்கிறீர்கள். அவை நான்கும் ஒரே ரகம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதால் ‘இவருக்குத் திருப்தியே கிடையாது’ என்ற எண்ணம் பட்டறையில் வந்திருக்கும்.

பிரேக் கத்துவதை மறந்துவிடுங்கள். அதிவேகத்திலிருந்து திரும்பத் திரும்ப நிறுத்துவதற்கென்று செய்த பேட்கள் கடினமானவை. சூடாகாத நிலையில் மெதுவாக அழுத்தினால் அவை கத்தும். கார்பன் செராமிக் டிஸ்க் என்றால் இன்னும் அதிகம். பேடின் கனமும் டிஸ்க்கின் பரப்பும் சரியாக இருந்தால் அது பழுது இல்லை. பிரேக் பேட், டயர் எல்லாம் தேய்மானப் பொருள்கள், வாரண்டி அவற்றைத் தொடாது. இதைப் புகார்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலே மற்றவற்றுக்கு மதிப்பு கூடும்.

திரை கறுப்பதும் சென்சார் எச்சரிக்கையும் அநேகமாக பேட்டரி. நிறுத்திவைத்த பிறகு வருகிறது, ஓட ஓடச் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்றைய காரில் கதவு, இருக்கை, கேமரா, ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கணினி உண்டு. பூட்டிவிட்டுப் போனதும் அவை ஒவ்வொன்றாக உறங்க வேண்டும். உறங்கிய பிறகும் அலாரம், சாவி ரிசீவர் போன்றவை கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். மூன்று வாரத்தில் 25. ஒரு 70 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விட்டது. டேஷ் கேமராவை நேரடி மின்இணைப்பில் மாட்டியிருந்தால், அல்லது சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால் கணக்கு இன்னும் மோசம். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் விழுகிறது. எந்தக் கணினிக்கு முதலில் பசியோ அது புகார் செய்கிறது.

முழு சார்ஜில், வண்டி சில மணி நேரம் ஓய்வாக நின்ற பிறகு, சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. ஒரு மல்டிமீட்டரால் நீங்களே பார்க்கலாம். பேட்டரி மெயின்டெய்னர் என்று விற்கும் சார்ஜரை வாங்கி, வண்டி நிற்கும் நாள்களில் மாட்டிவையுங்கள். ஏஜிஎம் வகையா, லித்தியமா என்று பேட்டரி மேல் பார்த்து அதற்கேற்ற சார்ஜராக வாங்க வேண்டும். சில வாரம் இப்படிச் செய்தும் திரை கறுத்தால் அப்போது அது வாரண்டிப் புகார். ‘வண்டி உறங்கிய பிறகு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து தாருங்கள்’ என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு நீட்டக் காரணம், பேட்டரி உங்கள் கியர்பாக்ஸ் வழக்கையும் கெடுத்துக்கொண்டிருக்கலாம். மின்னழுத்தம் விழுந்தால் ஒரே நேரத்தில் பத்து இருபது எரர் கோடு, அதாவது பழுதுக் குறியீடு, பதிவாகும். ஸ்கேனரை மாட்டும் டெக்னீஷியன் அந்தக் கூட்டத்தைப் பார்த்து ‘லோ வோல்டேஜ்’ என்று எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடுவார். உண்மையான கோடு ஒன்று அதில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

சொல்லப்போனால், இந்த மாதிரிக் கார்களில் அடிக்கடி ஓட்டுகிறவர்களைவிட, உறை போட்டு மூடிவைத்து அழகு பார்ப்பவர்களிடமிருந்துதான் எனக்கு அதிகம் கடிதம் வருகிறது.

இனி கியர்பாக்ஸ். இதுதான் உங்கள் உண்மையான புகார்.

டூயல் கிளட்ச் என்பது ஒரே கூட்டுக்குள் இரண்டு கியர்பாக்ஸ். ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கிளட்சில், இரண்டு, நான்கு, ஆறு இன்னொன்றில். நீங்கள் ஒன்றாவது கியரில் போகும்போதே இரண்டாவது தயாராகப் போடப்பட்டிருக்கும். மாற்றும் நொடியில் ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க வேண்டும். இது மிருதுவாக நடக்க, ஒவ்வொரு கிளட்சும் எந்த அழுத்தத்தில் தொட ஆரம்பிக்கிறது என்பது கணினிக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓட ஓட அதை அளந்து நினைவில் வைத்துக்கொள்கிறது. இதற்கு அடாப்டேஷன் என்று பெயர். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும், அழுத்தம் ஒரு கணம் பிந்தி வரும். ஆகவே காலையில் லேசான தடுக்கல் இயல்பு. பக்கத்தில் இருப்பவரின் தலை ஆடுகிற அளவு ஜெர்க் இயல்பு இல்லை.

காரணம் பலதாக இருக்கலாம். அடாப்டேஷன் மதிப்புகள் விலகியிருக்கலாம், அதை ஸ்கேனர் வழியாக மறுபடி கற்றுக்கொடுக்கலாம். ஆயில் அளவு குறைவாக இருக்கலாம். இந்த ஆயிலை அது குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும், அவசரத்தில் அளந்தால் தவறும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வோ சென்சாரோ சோம்பியிருக்கலாம். எது என்று கடிதத்தைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. சொல்பவர் இருந்தால் அவரை நம்ப வேண்டாம். ஆனால் ஜெர்க்கும் சூடு எச்சரிக்கையும் ஒரே வண்டியில் வருவதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் நியாயம் உங்களுக்கு இருக்கிறது.

சூடு எச்சரிக்கையில் உங்கள் பங்கும் இருக்கலாம். நெரிசலில் அரை அடி அரை அடியாக ஊர்ந்தாலோ, ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினாலோ, கிளட்ச் முழுக்கப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த உராய்வு முழுவதும் சூடாக ஆயிலில் இறங்கும். கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாறி வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு கிளட்ச் முழுவதும் பிடிக்கும்படி நகருங்கள். ஒரு மாதம் இப்படி ஓட்டியும் எச்சரிக்கை வந்தால் அதையே புகாரில் எழுதலாம். எச்சரிக்கை நின்றுபோனால் ஒரு பிரச்சினை செலவில்லாமல் தீர்ந்தது.

ஏன் அவர்களுக்குக் குறை தெரியவில்லை? மருத்துவர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்குவது போலத்தான். உங்கள் ஜெர்க் குளிர்ந்த வண்டியில் வருவது. நீங்கள் டீலரிடம் ஓட்டிக்கொண்டு போகும்போதே கியர்பாக்ஸ் சூடாகிவிடுகிறது. அட்வைசர் ஒரு சுற்று ஓட்டுகிறார், பட்டு மாதிரி போகிறது. அவர் பொய் சொல்லவில்லை.

எனவே நான்காவது முறை போகும்போது முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். இரவு முழுக்க அங்கே நிற்கட்டும். மறுநாள் காலை நீங்கள் நேரில் போய், நீங்கள் பக்கத்தில் உட்கார, டெக்னீஷியன் ஓட்ட வேண்டும். அட்வைசர் வேண்டாம், ஃபோர்மேன் அல்லது கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவர் வரட்டும். ‘எனக்கு முன்னால் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது’ என்பதையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். யாராவது வண்டியை நகர்த்திவைக்க ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தாலும் ஒரு நாள் வீண்.

புகாரை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இந்த மாதிரி: ‘இரவு முழுக்க நின்ற வண்டி. டி நிலையில், சமதரையில், லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் போகும்போது, சுமார் 20 கி.மீ. வேகத்தில் 1-லிருந்து 2-க்கு மாறுகையில் பலமான ஜெர்க். ஸ்டார்ட் செய்த முதல் 10 நிமிடத்துக்குள் மட்டும். ஆயில் சூடான பிறகு இல்லை.’ வேகத்தையும் நேரத்தையும் உங்கள் வண்டியில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கையால் கியர் மாற்றும் முறையிலும் வருகிறதா என்று ஒருநாள் பார்த்து அதையும் சேருங்கள். சூடு எச்சரிக்கைக்கு தேதி, வெளி வெப்பநிலை, நெரிசலில் எவ்வளவு நேரம் என்பது வேண்டும். எச்சரிக்கை திரையில் இருக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் படம் எடுத்தால் இன்னும் நல்லது. ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்காதீர்கள்.

‘கிளட்சை மாற்றித் தரவும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் கிளட்சைப் பார்ப்பார்கள், கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கார்டை மூடுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அறிகுறியை மாற்றமில்லாமல் ஒவ்வொரு முறையும் ஒரே வாசகத்தில் எழுதுவதுதான் உங்கள் வேலை. வாசகம் மாறினால், இவை வெவ்வேறு புகார்கள் என்று பிறகு வாதாட இடம் கிடைக்கும்.

இன்னொன்று: கைபேசியோடு இணைந்து எரர் கோடுகளைப் படிக்கும் சின்ன ஓபிடி ஸ்கேனர் உங்களிடம் இருந்தால், அதை வைத்துக் கோடுகளை அழித்துவிட்டுப் பட்டறைக்குப் போகாதீர்கள். பல கோடுகளோடு, அது பதிவான நொடியில் வேகம், வெப்பநிலை, ஆர்பிஎம் என்ன என்ற விவரமும் சேமிக்கப்படும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். படித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், அழிக்கக் கூடாது. பட்டறையிலும் ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி இரண்டும் கார்டில் இருக்க வேண்டும். ‘குறை ஏதும் காணப்படவில்லை’ என்று மூடிய கார்டும் உங்களுக்குச் சாதகம்தான், புகார்க் கட்டத்தில் உங்கள் வாசகம் இருக்கும்வரை.

டீலர் ஏன் தயங்குகிறார் என்பதும் தெரிந்திருக்கட்டும். வாரண்டி வேலைக்குப் பணம் தருவது தயாரிப்பு நிறுவனம். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்பே வகுத்து வைத்திருப்பார்கள். குறையைத் தேடி அலையும் நேரத்துக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. மாற்றிய பாகத்தை நிறுவனம் திரும்பக் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம். அதில் குறை இல்லை என்று வந்தால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். எனவே கண்ணால் பார்க்காத குறைக்கு எந்த டீலரும் கியர்பாக்ஸைத் தொடமாட்டார். விலை உயர்ந்த பாகம் என்றால் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் கழற்றவே முடியாது. 2020-இல் வந்த செவ்ரோலே கார்வெட்டில் முதல் காலகட்டத்தில், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் சின்னக் குறை வந்தாலும் டீலர்கள் அதைத் திறப்பதில்லை, முழுதாகக் கழற்றி வேறு மாட்டினார்கள். உள்பாகங்களைப் பட்டறையிலேயே மாற்றும் வழி பிறகுதான் வந்தது. ஆகவே உங்கள் அட்வைசரிடம் சத்தம் போட்டுப் பயன் இல்லை. ‘நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இதற்கு ஒரு கேஸ் திறந்து, எண்ணைத் தாருங்கள்’ என்று கேளுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு, முடிவு அவர் தலையில் விழாது.

போவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் மாடலுக்கு இதே குறை பற்றி நிறுவனம் தன் டீலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறதா என்று தேடுங்கள். டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் என்பார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், நிறுவனங்கள் டீலர்களுக்கு அனுப்பும் இந்த அறிக்கைகளைத் தன் தளத்தில் வாகன மாடல் வாரியாக வெளியிடுகிறது. அந்த மாடல் அங்கே விற்கப்படுகிறது என்றால் எந்த நாட்டில் இருப்பவரும் படிக்கலாம். கையில் புல்லட்டின் எண்ணோடு போகிறவரிடம் ‘எல்லா வண்டியும் இப்படித்தான்’ என்று சொல்வது கஷ்டம். ரீகால் வேறு, புல்லட்டின் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். பாதுகாப்புக் குறைக்காக நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் எல்லா உரிமையாளர்களுக்கும் இலவசம். புல்லட்டின் என்பது பழுது பார்க்கும் வழிமுறைதான், வாரண்டி இருக்கும்வரைதான் அது இலவசம்.

இப்போது ஏர் ஃபில்டருக்கு வருவோம். ஃபில்டர் மாற்றியதால் டூயல் கிளட்சில் குளிர்ந்த நிலை ஜெர்க் வரும் என்று காட்டுவது மிகக் கடினம். மாற்றிய பாகத்துக்கும் பழுதுக்கும் தொடர்பைக் காட்ட வேண்டியவர் மறுப்பவர்தான் என்பதே என் நிலைப்பாடு. அந்தத் தொடர்பை எழுத்தில் கேளுங்கள். அதே நேரம் வண்டியோடு வந்த ஃபில்டரை எடுத்து மாட்டிவிட்டு, மாட்டியதாக அவர்களுக்குச் சொல்லிவிட்டே போங்கள். சாக்கு ஒன்று குறையும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஃபில்டரோடு ஈசியு ரீமேப்பும், அதாவது சக்தியைக் கூட்ட என்ஜின் கணினியின் சாஃப்ட்வேரை மாற்றுவதும், செய்தீர்களா? செய்திருந்தால் கதை வேறு. டார்க், அதாவது என்ஜினின் திருகுவிசை, கூடினால் அந்தச் சுமை நேராக கிளட்சில்தான் இறங்குகிறது, அங்கே அவர்கள் மறுப்பதில் நியாயம் உண்டு. பழைய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று டியூனிங் கடையில் சொல்வார்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையை ஈசியு வைத்திருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஆடி குழுமத்தில் இப்படிக் கண்டுபிடித்த வண்டிக்கு மத்தியக் கணினியில் ‘டிடி1’ என்று குறியிடுவார்கள். அதன் பிறகு எந்த டீலரிடம் போனாலும் அந்தக் குறி முன்னால் போய் நிற்கும். போர்ஷேயில் என்ஜின் அளவு மீறிச் சுழன்ற தருணங்கள் ஆறு நிலைகளாகப் பிரித்துப் பதிவாகின்றன. பழைய வண்டிக்கு நீட்டிப்பு வாரண்டி தரும்முன் அதைப் பார்க்கிறார்கள். கார் சாட்சி சொல்லும் காலம் இது.

ட்ராக் டே விஷயம் அவ்வளவு எளிது இல்லை. வாரண்டிப் புத்தகங்களில் பொதுவாக ‘பந்தயம், போட்டி, நேரம் கணக்கிடும் நிகழ்வு’ விலக்கப்பட்டிருக்கும். பயிற்சி ஓட்டம் அதில் வருமா என்பது அந்தப் புத்தகத்தின் வாசகத்தைப் பொறுத்தது. விளம்பரத்தில் வண்டி ட்ராக்கில் பறக்கும், புத்தகத்தில் பறக்கக் கூடாது என்று இருக்கும். இந்த முரண்பாட்டுக்குப் பெயர்போனது நிஸான் ஜிடி-ஆர். அமெரிக்காவில் வந்த 2009 மாடலில் நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல் வேலை செய்ய, வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டும். அணைத்து ஓட்டி வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கையேடு சொன்னது. கியர்பாக்ஸ்கள் உடைந்து பெரிய தகராறு ஆனது. பிறகு நிறுவனம் சாஃப்ட்வேரையே மாற்றி, குறைந்த என்ஜின் சுழற்சியில் கிளம்பும் லாஞ்ச்சைக் கொடுத்தது. 2022-இல் டொயோட்டா ஜிஆர்86 வைத்திருந்த ஒருவரின் என்ஜின் போனபோது, வண்டியைச் சறுக்கி ஓட்டுவதாக அவர் சமூக வலைதளத்தில் போட்டிருந்த படத்தைக் காட்டி டீலர் கிளெய்மை மறுத்தார். அதே காரை வாங்குபவர்களுக்கு அமெரிக்காவில் ட்ராக் ஓட்ட அனுபவத்தை நிறுவனமே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. விஷயம் வெளியே வந்து பேச்சானதும் நிறுவனம் இறங்கிவந்து ஏற்றுக்கொண்டது. நீங்களும் படம் போட்டிருப்பீர்கள். அழிக்கச் சொல்லவில்லை, இப்போது அழித்தால் அது வேறு அர்த்தம் தரும். கேட்டால் போனதாக உண்மையைச் சொல்லுங்கள். நேரம் கணக்கிடாத நிகழ்வு என்றால் அதற்கான ரசீதை எடுத்துவையுங்கள். ஜெர்க் அந்த நாளுக்கு முன்பே தொடங்கியிருந்தால், அதற்கு முந்தைய தேதியிட்ட ஜாப் கார்டு பெரிய ஆதாரம்.

வழக்கு பற்றி. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, சட்டம் அதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் சட்டப்படி, தன் பிராண்டு பாகத்தைத்தான் போட வேண்டும் என்பதை வாரண்டிக்கு நிபந்தனையாக்க முடியாது, அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுத்தால் தவிர. கலிஃபோர்னியாவில் முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே குறைக்கு நான்கு முறை விட்டும் சரியாகவில்லை என்றாலோ, மொத்தம் 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்தாலோ, நிறுவனத்துக்குப் போதிய வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டம் அனுமானிக்கும். பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளில் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரலாம். அதற்குப் பிறகு சரிசெய்ய ஒரு வாய்ப்பு தர வேண்டும். அதுவும் தோற்றால் திருப்பித் தரவோ விலைக்குறைப்புக் கேட்கவோ உரிமை உண்டு, அங்கே நீங்கள் போய் நிற்க வேண்டியது நிறுவனத்திடம் இல்லை, விற்றவரிடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாரண்டிப் புத்தகம் என்ன சொன்னாலும் விற்பவருக்குக் குறைந்தது இரண்டு வருடப் பொறுப்பு உண்டு. இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஜாப் கார்டுகளைத்தான். நான்காவது முறையும் சரியாகாமல், எழுத்தில் மறுப்பும் வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்குமுன் போனால் அவரும் உங்களைத் திரும்ப டீலரிடம்தான் அனுப்புவார்.

வீட்டில் சொல்வதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பேர்போன நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2014-இல் போர்ஷே தன் புதிய 911 ஜிடி3 கார்கள் 785-ஐயும் ஓட்ட வேண்டாம் என்று சொன்னது. என்ஜினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்து இரண்டு வண்டிகள் எரிந்திருந்தன. எல்லா வண்டிக்கும் என்ஜினை மாற்றிக் கொடுத்தார்கள். பின்னர் அந்தத் தலைமுறைக்கு வேறொரு தேய்மானப் பிரச்சினை வந்தபோது என்ஜின் வாரண்டியைப் பத்து வருடமாக நீட்டினார்கள். பிஎம்டபிள்யூவின் ஒரு டர்போ என்ஜினில் உயரழுத்த ஃப்யூல் பம்ப் தொடர்ந்து போனதால் அமெரிக்காவில் அதற்கும் பத்து வருடம் என்று நீட்ட வேண்டிவந்தது. வாங்கியது தவறா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டிருப்பதைவிட, வாரண்டி இருக்கும்போதே குறை தெரிந்தது நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்க வேண்டாம், இப்போது வேண்டாம். இந்த நிலையில் விற்றால் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும், விலை அடிபடும். மறைத்தால் வாங்கியவர் உங்களிடம் வருவார். உங்களுக்கு இன்னும் 22 மாத வாரண்டி இருக்கிறது. அது முடிய மூன்று மாதம் இருக்கும்போது, டீலருக்கு வெளியே ஒருவரிடம் வண்டியைத் தூக்கிவைத்துக் கீழே மேலே முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கசிவு, சஸ்பென்ஷனின் புஷ், டேம்பர் என்று அவர் கண்டுபிடிப்பதை எல்லாம் வாரண்டியிலேயே முடித்துக்கொள்ளலாம். நீட்டிப்பு வாரண்டி எடுப்பதாக இருந்தால் நிறுவனமே தருவதை எடுங்கள். வெளிக் காப்பீட்டு வகைகளில் விலக்குப் பட்டியல் இரண்டு பக்கம் நீளும், கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி அநேகமாக அதில் இருக்கும். பராமரிப்புத் திட்டத்தை வாரண்டி என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம். ஃபெராரி தன் கார்களுக்குத் தரும் ஏழு வருடத் திட்டம்கூட குறித்த கால சர்வீஸுக்குத்தான், பழுதுக்கு இல்லை.

கியர்பாக்ஸ் மாற்றியோ பிரித்தோ சரிசெய்து, மூன்று மாதம் நிம்மதியாக ஓடிய பிறகும் வண்டியில் உங்களுக்கு மனம் ஒட்டவில்லை என்றால் அப்போது விற்கலாம். வாரண்டியில் புதிதாக மாட்டிய கியர்பாக்ஸும் அதற்கான ஆவணமும் உள்ள வண்டிக்கு விலை பேசுவது உங்களுக்கும் எளிது.

அடுத்த மாத ட்ராக் டேக்குப் போகாதீர்கள். கியர்பாக்ஸ் பற்றிய புகார் திறந்திருக்கும்போது அதே கியர்பாக்ஸை அங்கே கொண்டுபோய்ச் சூடாக்கினால், பிறகு வரும் எந்தப் பழுதுக்கும் அந்த நாளைத்தான் கைகாட்டுவார்கள். மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. சரியான பிறகு, எந்த வகை நிகழ்வுக்கு வாரண்டி நிற்கும் என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டு போங்கள். கட்டிய பணத்தை வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்று நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் இன்றே கேளுங்கள். நாள் நெருங்கிவிட்டால் மாற்ற மாட்டார்கள்.